எச்4 ஹெட்லைட்டில் ப்ரொஜெக்டர்: பொருத்துவதும் சுவரில் கோடு நிறுத்துவதும்

எச்4 என்பது லோ பீமுக்கும் (எதிரே வண்டி வரும்போது போடும் தாழ்ந்த ஒளி) ஹை பீமுக்கும் (தூரத்து ஒளி) ஒரே பல்பில் இரண்டு இழைகள் உள்ள வகை. அதன் இடத்தில் பொருத்த ப்ரொஜெக்டர், அதாவது ஒளியை லென்ஸ் வழியாகச் சாலையில் போடும் யூனிட், வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது எத்தனை வாட், எத்தனை லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: லோ பீமின் கோடு எந்தப் பக்கம் ஏறுகிறது?

ப்ரொஜெக்டரைச் சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடு முழுக்க நேராக இருக்காது. ஒரு பாதி தாழ்ந்திருக்கும், நடுவில் ஒரு மடிப்பு விழும், மறுபாதி உயர்ந்திருக்கும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், எதிர்வண்டி நமக்கு வலப்பக்கம் வருகிறது. அதனால் வலப்பாதி தாழ்ந்தும் இடப்பாதி உயர்ந்தும் இருக்க வேண்டும். இடது ஓரமாக நடந்து போகிறவர், சைக்கிள், பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், ஊர்ப் பலகை எல்லாம் அந்த உயர்ந்த பாதியில்தான் தெரியும். அமெரிக்காவுக்கும் ஐரோப்பியக் கண்டத்துக்கும் செய்த ப்ரொஜெக்டர்களில் வலப்பாதி ஏறும். அதை இங்கே மாட்டினால் எதிரே வருகிறவர் ஒவ்வொருவர் கண்ணிலும் அடிக்கும். அதற்குப் பயந்து கீழே இறக்கினால் இடது ஓரம் இருண்டு போகும்.

கவிழ்த்து மாட்டினாலும் சரியாகாது. ப்ரொஜெக்டருக்குள் முட்டை வடிவ ரிப்ளெக்டர் ஒன்று பல்பின் ஒளியை முன்னால் ஒரு புள்ளிக்குக் குவிக்கிறது. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தகடு நின்று கீழ்ப்பாதியை மறைக்கிறது. அதற்கு முன்னால் உள்ள குவிலென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்கிச் சாலையில் போடுகிறது. நாம் பார்க்கும் கோடு அந்தத் தகட்டின் மேல்விளிம்பின் பிம்பம்தான். யூனிட்டைக் கவிழ்த்தால் இருட்டு கீழேயும் வெளிச்சம் மேலேயும் போய்விடும். சில ஐரோப்பிய யூனிட்டுகளில் எல்லை தாண்டி ஓட்டுவதற்காகத் தகட்டைச் சமப்படுத்தும் சின்ன நெம்புகோல் ஒன்று இருக்கும். அது இருந்தால் சமக்கோடாக வைத்து ஓட்டலாம், இடப்பக்க நீளம் மட்டும் கிடைக்காது. சில சீன யூனிட்டுகளில் தகட்டைக் கழற்றி மாற்றவும் வழி உண்டு. இரண்டும் இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பெட்டியில் எல்.எச்.டி, ஆர்.எச்.டி என்று போட்டிருப்பது ஸ்டியரிங் இருக்கும் பக்கத்தை. நமக்கு வேண்டியது ஆர்.எச்.டி. எழுத்தை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். 12 வோல்ட் கொடுத்து எரியவிட்டு, யூனிட்டின் பின்னால் நின்று சுவரைப் பாருங்கள். இடது கைப் பக்கம் கோடு உயர்ந்திருக்க வேண்டும். பழைய பொருள் வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்தியாவில் விற்ற கார்களின் கம்பெனி ப்ரொஜெக்டர்கள் நம் பக்கத்துக்கே செய்தவை. ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா வண்டிகளிலிருந்து கழற்றியவையும் நமக்குப் பொருந்தும், அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். சென்னையில் புதுப்பேட்டையில் தேடினால் அடிபட்ட காரிலிருந்து எடுத்த ஒரிஜினல் யூனிட் கிடைப்பதுண்டு. லென்ஸில் விரிசல் இருக்கிறதா, உள்ளே ரிப்ளெக்டரின் பூச்சு கருகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து வாங்க வேண்டும். புதிய யூனிட், பிராக்கெட், ஹார்னெஸுக்கு (வயர்த் தொகுப்பு) சென்னை ஜி.பி. ரோடு.

செனானா, எல்.இ.டியா

சாதாரண எச்4 பல்ப் 60/55 வாட். லோ பீமில் சுமார் 1000 லூமென், ஹை பீமில் சுமார் 1650. டி2எஸ் செனான் பல்ப் 35 வாட்டில் சுமார் 3200 லூமென் தரும். கம்பெனி தரத்தில் அதன் நிறம் 4300 கெல்வினை ஒட்டி இருக்கும். 6000, 8000 என்று நீலமாகப் போகப் போக வெளிச்சம் குறையும், எதிரில் இருப்பவருக்குக் கூச்சம் கூடும். மழையில் சாலை கறுப்பாகத் தெரிவதற்குப் பல்பின் நிறம் காரணமில்லை. ஈரத்தார் கண்ணாடியாகி ஒளியை முன்னாலேயே தள்ளிவிடுகிறது, நம் கண்ணுக்குத் திரும்பி வருவது கொஞ்சம்தான். அதை எந்த பல்பும் முழுதாகச் சரிசெய்யாது.

பை-எல்.இ.டி (லோ, ஹை இரண்டையும் ஒரே யூனிட் தரும் எல்.இ.டி) யூனிட்டில் பாலஸ்ட் (செனான் பல்புக்கு உயர் வோல்டேஜ் தரும் பெட்டி) கிடையாது, சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை, வயரிங் எளிது. அதன் சிக்கல் சூடு. எல்.இ.டி உருவாக்கும் வெப்பம் பின்னால் ஹீட் சிங்க்கும் விசிறியும் வழியாக வெளியேற வேண்டும். மூடிய ஹெட்லைட் டப்பாவுக்குள் காற்று குறைவு, என்ஜின் சூடு வேறு. மலிவான யூனிட் போட்டதும் பளிச்சென்று எரியும், கொஞ்ச நேரத்தில் உள்ளிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் கரண்டைக் குறைத்து மங்கலாக்கிவிடும். இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. சுவரில் ஒரே புள்ளியில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் வைத்து, போட்டவுடன் ஒரு அளவும் அரை மணி கழித்து ஒரு அளவும் எடுங்கள். கால் பங்குக்கு மேல் இறங்கினால் அந்த யூனிட் நெடுஞ்சாலைக்கு ஆகாது.

ரிப்ளெக்டருக்குள் நேராக எல்.இ.டி பல்ப் செருகுவது தனி விஷயம், அதை நான் பரிந்துரைப்பதே இல்லை. எச்4 பல்பில் லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. கோடு உருவாவதே அந்தக் கிண்ணத்தாலும் இழையின் துல்லியமான இடத்தாலும்தான். எல்.இ.டி சிப்பின் உருவமும் இடமும் அரை மில்லிமீட்டர் மாறினாலும் ஒளி மேலே சிதறும்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். முன் கண்ணாடி தெளிவாக, வரி இல்லாமல் இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் ஒளியைப் பரப்ப முன் கண்ணாடியிலேயே கோடு கோடாக வார்த்திருப்பார்கள். அதற்குப் பின்னால் ப்ரொஜெக்டர் வைத்தால் கோடு சிதைந்து போகும். அத்தகைய வண்டிக்குத் தெளிவான கண்ணாடியுள்ள ஹவுசிங் (ஹெட்லைட் டப்பா) கிடைத்தால் மட்டும் இறங்கலாம். மஞ்சளேறிய பாலிகார்பனேட் (பிளாஸ்டிக்) முன் கண்ணாடியும் அப்படித்தான், எவ்வளவு நல்ல ப்ரொஜெக்டராக இருந்தாலும் கோட்டுக்கு மேலே ஒளியைத் தூவும். வெளிப்புறத்தை உப்புத்தாளில் தேய்த்து யு.வி. கிளியர் கோட் அடித்துத் தெளிவாக்கலாம். உட்புறத்தைத் தொடவே கூடாது, பனி படியாமலிருக்க அங்கே ஒரு பூச்சு இருக்கும்.

பிரிப்பது

கழற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை. பழைய எச்4 எரியும்போதே காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, கோடு விழும் இடத்தை மாஸ்கிங் டேப்பால் குறித்து வையுங்கள். பிறகு எங்கிருந்து தொடங்குவது என்று அது சொல்லும். அதே நேரத்தில் ஹெட்லைட்டின் பின்னால் உள்ள மேல்-கீழ், இட-வல திருகுகள் எத்தனை சுற்று போகின்றன என்று பார்த்து, நடு இடத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள். ப்ரொஜெக்டரைப் பொருத்திய பிறகு இரண்டு பக்கமும் திருக இடம் வேண்டும்.

பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் பம்பரைக் கொஞ்சமாவது இறக்காமல் ஹெட்லைட் வெளியே வராது. வெளியே எடுத்ததும் பல்ப், ரப்பர் மூடி, காற்றுத்துளை மூடி, கண்ணாடியைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள், உலோக க்ளிப்கள் எல்லாவற்றையும் எடுங்கள். மறந்துவிட்ட ஒரே ஒரு ஸ்க்ரூ ஹவுசிங்கின் காதை உடைக்கும்.

கண்ணாடியை ஒட்டியிருக்கும் பசை இரண்டு வகை. ப்யூட்டைல் என்றால் சூட்டில் இளகும். கறுப்பாக, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். நகம் பதியாத கெட்டியான பசை என்றால் சூட்டுக்கு இளகாது, சுற்றிலும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த வகையைப் பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம். ப்யூட்டைலுக்கு 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் போதும், பத்துப் பன்னிரண்டு நிமிடம். பாலிகார்பனேட் இதைத் தாங்கும். ஓவனின் உலோகக் கம்பியில் நேராக வைத்தால் பின்னால் உள்ள பாலிப்ரொப்பிலீன் ஹவுசிங் அந்த இடத்தில் நெளியும், மரப்பலகை மேல் வையுங்கள். வீட்டு ஓ.டி.ஜி.யில் (சமையல் ஓவன்) பெரும்பாலான ஹெட்லைட் நுழையாது, சமையல் அடுப்பில் இதைச் செய்வதும் நல்லதல்ல. அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஹேர் டிரையர் விடலாம், அல்லது ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓரம் முழுக்க ஓட்டிக்கொண்டே போகலாம்.

மூலையில் அகலமான தட்டை ஸ்க்ரூடிரைவரை நுழைத்து மெல்ல விரியுங்கள். சரியான சூட்டில் பசை கறுப்பு நூலாக நீண்டு, பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் வரைகூட அறாமல் வரும். அந்த நூல் ரிப்ளெக்டர் மேலேயோ கண்ணாடியின் உட்புறத்திலேயோ விழாதபடி ஒருவர் இழுக்க ஒருவர் கத்தரிக்க வேண்டும். நூல் வராமல் ‘டப்’ என்று சத்தம் வந்தால் சூடு போதவில்லை என்று அர்த்தம், திரும்பச் சூடாக்குங்கள். வெள்ளி நிற ரிப்ளெக்டரை விரலாலும் துணியாலும் தொடாதீர்கள். வெற்றிடத்தில் ஏற்றிய அலுமினியப் படலம் அது. ஒரு முறை துடைத்தாலே கோடு விழும், ஸ்பிரிட் பட்டால் உரியும்.

பொருத்துவது

எச்4 ஹவுசிங்குக்கு எளிய வழி 2.5 அங்குல மினி ப்ரொஜெக்டர். அதன் வால் பல்ப் துளை வழியாகப் பின்னால் வரும். எச்4 அடாப்டர் தகடு, சிலிக்கான் வாஷர், பெரிய நட்டு போட்டு இறுக்கினால் வெட்டு, ஒட்டு எதுவும் வேண்டியதில்லை. பல ரிப்ளெக்டர்களில் பல்புக்கு முன்னால் ஒரு சின்ன உலோகத் தொப்பி ரிவெட் அடித்திருக்கும், அதைக் கழற்றியாக வேண்டும். 3 அங்குல யூனிட்டுகளுக்கு ரிப்ளெக்டரின் நடுவை மினி கிரைண்டரால் வெட்டி, பிராக்கெட் வைத்து எம்4 போல்ட்டில் நிறுத்த வேண்டும். சந்தையில் வரும் பல பை-எல்.இ.டி.களுக்கு ஹெல்லா 3ஆர் அளவு திருகுத்துளைகளே இருப்பதால் பிராக்கெட் கிடைப்பதில் சிரமமில்லை. எப்படியானாலும் யூனிட்டை ரிப்ளெக்டரோடு சேர்த்தே மாட்டுங்கள், ஹவுசிங்கின் பின்சுவரோடு வேண்டாம். ரிப்ளெக்டர்தான் திருகுகளிலும், விளக்கை ஏற்றி இறக்கும் லெவலிங் மோட்டாரிலும் தொங்குகிறது. ப்ரொஜெக்டர் அதோடு சேர்ந்து அசைந்தால்தான் பிறகு கோட்டைச் சரிசெய்ய முடியும்.

கடைகளில் அதிகம் கெட்டுப்போவது சுழற்சி. ப்ரொஜெக்டர் ஒரு டிகிரி சாய்ந்தால் என்ன ஆகும்? 10 மீட்டர் தூரச் சுவரில், நடுவிலிருந்து 3 மீட்டர் தள்ளி, கோடு 5 சென்டிமீட்டர் ஏறியோ இறங்கியோ இருக்கும். பின்னால் சுவரில் நாம் மொத்தமாக இறக்கி வைக்கப் போவதே 12 சென்டிமீட்டர்தான். இரண்டு டிகிரி சாய்ந்தால் வலது ஓரத்தில் கிட்டத்தட்ட முழு இறக்கமும் போய்விடும். இதை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது, திரும்ப ஹவுசிங்கைப் பிரிக்க வேண்டியதுதான்.

ஆகவே கண்ணாடியை ஒட்டுவதற்கு முன்னால், கண்ணாடி இல்லாமலேயே ஹெட்லைட்டைக் காரில் அதன் போல்ட்டுகளில் முடுக்கி, எரியவிட்டுச் சுவரில் பாருங்கள். மேசை மேல் வைத்துப் பார்ப்பது போதாது, ஹவுசிங் காரில் உட்காரும் சாய்வு வேறு. சுவரில் ரசமட்டம் பிடித்துக் கிடைக்கோடு ஒன்று போட்டுக்கொண்டு, தாழ்ந்த வலப்பாதி அதற்கு இணையாகும்வரை யூனிட்டைச் சுழற்றி நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது நட்டு யூனிட்டையும் சேர்த்துத் திருப்பும், அதனால் முன்னால் ஒருவர் லென்ஸ் வளையத்தைப் பிடித்திருக்க வேண்டும். இறுக்கி முடித்தபின் மறுபடி பாருங்கள். சரியாக இருந்தால் பின்னால் இரண்டு மூன்று இடத்தில் ஜே.பி. வெல்டு மாதிரி சூடு தாங்கும் எபாக்ஸி வைத்து ஒரு நாள் காய விடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை இங்கே நம்ப வேண்டாம்.

யூனிட்டின் மூக்கு ரிப்ளெக்டரின் அச்சிலிருந்து 3 டிகிரி விலகியிருந்தால் 10 மீட்டரில் அது அரை மீட்டருக்கும் அதிகம். திருகுகளின் எல்லையே முடிந்துவிடும். வாஷர் வைத்துச் சரிசெய்ய வேண்டிய நேரமும் இதுதான். அலங்கார வளையம் போடுகிறவர்கள் அது ஒளியின் ஓரங்களை நறுக்குகிறதா என்று இப்போதே பாருங்கள். ஆழமான வளையம் இடது வலது பரப்பை வெட்டிவிடும்.

வயரிங்

செனானுக்கு எச்4 பல்பில் செருகும் கப்ளரிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்காதீர்கள். ஓடும்போது ஒரு பக்கத்துக்கு 3 ஆம்பியர் சொச்சம்தான், பற்றவைக்கும் அந்தச் சில நொடிகளில் 8 ஆம்பியரைத் தாண்டும். 55 வாட்டுக்குக் கணக்குப் போட்ட மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கி, ஒரு பக்கம் பற்றும், மறுபக்கம் அணையும். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ப்யூஸ், 40 ஆம்பியர் ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்). பழைய கப்ளர் ரிலேவுக்குத் தூண்டுதல் கொடுக்க மட்டும்.

எச்4-ல் ஹை பீம் போட்டால் லோ பீம் இழை அணையும். பை-செனானில் பல்ப் ஒன்றுதான், ஹை பீமில் சோலினாய்டு என்ற மின்காந்தம் தகட்டைக் கீழே இழுக்கிறது, அவ்வளவே. அதனால் ஹை போடும்போதும் ரிலே பிடித்தபடியே இருக்க வேண்டும். ஹார்னெஸில் உள்ள டையோடுகள் (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுபவை) அதற்குத்தான். ஹை பீம் போட்டதும் விளக்கு மொத்தமாக அணைந்து திரும்பப் பற்றினால் அந்த டையோடு இல்லை அல்லது திருப்பிப் போட்டிருக்கிறது. சில ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் எச்4-ன் பொது முனை எர்த் ஆக இருக்காது, பாசிட்டிவாக இருக்கும், ஸ்விட்ச் நெகட்டிவைத்தான் தட்டும். மல்டிமீட்டரில் பார்க்காமல் ஹார்னெஸ் வாங்கினால் சோலினாய்டு ‘டக்’ என்று அடிக்காது.

பாலஸ்ட்டிலிருந்து பல்புக்குப் போகும் வயரில் பற்றவைக்கும் நொடியில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஸ்விட்ச் அணைத்து, ப்யூஸை உருவிய பிறகே கை வையுங்கள். பாலஸ்ட்டைப் பம்பருக்குள் தாழ்வாகக் கட்டாதீர்கள். சென்னையில் ஒரு பெருமழைக்குத் தெருவில் நிற்கும் தண்ணீரே அதை முடித்துவிடும். ஹெட்லைட்டுக்குப் பின்னால், உயரத்தில், உலோகத்தைத் தொட்டபடி, வயர் கீழ்ப்பக்கம் இறங்குமாறு முடுக்குங்கள்.

மூடுவது

பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிட்டு, பள்ளத்தில் சுமார் 9 மில்லிமீட்டர் தடிமனுள்ள ப்யூட்டைல் கயிறு வையுங்கள். தொடங்கிய இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், அந்த இணைப்பு ஹெட்லைட்டின் மேற்பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை வைத்து ஏழெட்டு நிமிடம் சூடாக்கி, சுற்றிலும் க்ளாம்ப் போட்டு அழுத்தி, க்ளிப்பும் ஸ்க்ரூவும் மாட்டுங்கள். வினிகர் வாசம் அடிக்கும் சாதாரண சிலிக்கான் வேண்டவே வேண்டாம். காயும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம் ரிப்ளெக்டரின் அலுமினியத்தை அரிக்கும், அடுத்த முறை பிரிக்கவும் விடாது.

காற்றுத்துளை ஒன்றை மட்டும் விட்டு மற்றதை அடைத்து, அதில் டியூப் வைத்து வாயால் மெதுவாக ஊதுங்கள். ஓரம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவியிருந்தால் கசியும் இடத்தில் குமிழி வரும். சோதனை முடிந்ததும் எல்லாத் துளைகளையும் திறந்து, அவற்றின் மூடிகளைப் பழையபடி மாட்டுங்கள். துளையை அடைத்துவிட்டால் தண்ணீர் வராது என்று நினைப்பவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் நிரந்தரமாகப் பனி பிடிக்கும். மழைநாளில் ஓரத்தில் லேசாகப் பனி படிந்து, விளக்கு போட்டு ஓட்டினால் போய்விடுகிறது என்றால் கவலையில்லை. அடியில் தண்ணீர் நின்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

சுவரில் கோடு நிறுத்துவது

டயர் காற்று சரியாக, டேங்கில் பாதி பெட்ரோல், டிரைவர் சீட்டில் 75 கிலோ ஆளோ மூட்டையோ, லெவலிங் குமிழ் பூஜ்யத்தில். பானெட்டையும் டிக்கியையும் இரண்டு முறை அமுக்கி விட்டு சஸ்பென்ஷனை நிலைக்கு வர விடுங்கள்.

காரைச் சுவரை ஒட்டி நேராக நிறுத்தி, இரண்டு லென்ஸ் மையங்களையும் காரின் நடுக்கோட்டையும் சுவரில் குறியுங்கள். பிறகு நேராகப் பின்னால் வந்து, விளக்குக்கும் சுவருக்கும் 10 மீட்டர் இருக்கும்படி நிறுத்துங்கள். 10 மீட்டரில் ஒரு சதவீதம் என்றால் 10 சென்டிமீட்டர், கணக்கு எளிது. ஐ.நா.வின் 48-ஆம் எண் வாகன விளக்கு விதி, தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் ஹெட்லைட்டுக்கு 1.0 முதல் 1.5 சதவீத இறக்கம் சொல்கிறது. ஒரு மீட்டருக்கு மேல் உயரமுள்ள விளக்கு என்றால் 1.5 முதல் 2.0. ஹேட்ச்பேக்கில் லென்ஸ் மையம் 68 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.2 சதவீதம் வைத்தால் சுவரில் கோடு 56 சென்டிமீட்டரில் விழும். அந்தக் கோடு சாலையைத் தொடுவது 57 மீட்டர் தூரத்தில்.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை நொடி யோசனைக்கே 33 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த தாரில் நல்ல பிரேக் பிடித்தாலும் இன்னும் ஒரு 35 மீட்டர். அதாவது சரியாக வைத்த லோ பீமின் வலப்பாதியில் தெரிவதைவிட, நிற்கத் தேவைப்படும் தூரம் கூடுதல். உயர்ந்த இடப்பாதி ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இந்தக் கணக்கில் புரியும். பயந்து 2.5 சதவீதம் இறக்கி வைத்தால் கோடு 27 மீட்டரிலேயே முடிந்துவிடும். பானெட்டுக்கு முன்னால் தரை பளீரென்று ஒளிரும், கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகி, தூரத்து இருட்டில் இருப்பதைப் பார்க்காது. மேலே ஏற்றி வைப்பது எதிரில் வருகிறவருக்கு ஆபத்து, மிகக் கீழே வைப்பது நமக்கு ஆபத்து.

தரைதான் இதில் ஏமாற்றும். அடுக்ககத்தின் பார்க்கிங்கில் மழைநீர் ஓடச் சாய்வு விட்டிருப்பார்கள். 10 மீட்டரில் 5 சென்டிமீட்டர் சரிவு இருந்தாலே அரை சதவீதம் போய்விடும், நாம் வைக்கும் இறக்கத்தில் கிட்டத்தட்ட பாதி. கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் இதற்கு மிகச் சிறந்த கருவி. முன்சக்கரம், பின்சக்கரம், சுவரடி மூன்றையும் டியூபில் பாருங்கள். மூன்றும் ஒரே சீரான சரிவில் இருந்தால் தரையிலிருந்தே அளக்கலாம், காரும் அதே சரிவில்தான் நிற்கிறது. கார் நிற்கும் இடம் மட்டம், சுவர்ப்பக்கம் மட்டும் சரிவு என்றால், லென்ஸ் மைய உயரத்தை டியூப் வழியாகவே சுவருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து 12 சென்டிமீட்டர் கீழே அளக்க வேண்டும்.

ஒரு விளக்கை மறைத்து மற்றதைச் சரிசெய்யுங்கள். துணியைக் கண்ணாடி மேல் போர்த்தினால் சூடு சேரும், ஒரு அட்டையை முன்னால் தள்ளி நிறுத்தினால் போதும். தாழ்ந்த வலப்பாதி 56-ல் உட்கார வேண்டும். உயர்ந்த இடப்பாதி, படி வடிவக் கோடாக இருந்தால், லென்ஸ் மைய உயரமான 68-ஐத் தாண்டக் கூடாது. மடிப்பு விழும் இடம் அந்தந்த விளக்கின் நேர் முன்னால் குறித்த செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். இரண்டு மடிப்புகளுக்கும் இடையிலான தூரம் இரண்டு லென்ஸ் மையங்களுக்கு இடையிலான தூரமேதான். அது 2 மீட்டரிலும் 10 மீட்டரிலும் மாறாமல் இருந்தால் கற்றைகள் இணையாகப் போகின்றன. வலது விளக்கின் மடிப்பு வலப்பக்கம் விலகினால் கொஞ்சம்தானே என்று விடாதீர்கள், அப்படியே அது மீடியனைத் தாண்டி எதிர்த் தடத்துக்குப் போகும் ஒளி. திருகை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி முடியுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பல்சக்கரத்தின் ஆட்டம் சாலைக் குலுக்கலில் கோட்டை இன்னும் இறக்கும்.

லெவலிங் குமிழைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. 2.4 மீட்டர் வீல்பேஸ் உள்ள காரில் பின்னால் மூன்று பேரும் டிக்கியில் சாமான்களும் ஏறி, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 3 சென்டிமீட்டர் அதிகமாக அமுங்கினால், காரின் மூக்கு 1.25 சதவீதம் தூக்கும். சுவரில் அவ்வளவு பாடுபட்டு வைத்த 1.2 அங்கேயே கரைந்துவிடும். 2000 லூமெனுக்கு மேற்பட்ட விளக்குகளுக்கு அந்த ஐ.நா. விதி தானியங்கி லெவலிங்கைக் கேட்பது இதனால்தான். நமக்குத் தானியங்கி இல்லை, கையால்தான் திருப்ப வேண்டும். ஒரு நாள் நாலு பேரை ஏற்றி, அதே சுவருக்கு முன்னால் நிறுத்தி, குமிழின் எந்த எண்ணில் கோடு திரும்ப 56-க்கு வருகிறது என்று பார்த்து வையுங்கள்.

சட்டத்தைப் பற்றி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படியான மாற்றங்களைத் தடுக்கிறது. ஹெட்லைட் மாற்றத்தையும் அதன் கீழ் கேள்வி கேட்கலாம், வயரிங்கை வெட்டினால் வாரண்டியும் போகும். இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 106 கூசுவதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறது: விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூசக் கூடாது. அந்த இடத்தில் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். லென்ஸ் ஒளிர்வது தெரியலாம், அவரால் நம்பர் பிளேட்டை வாசிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் முதலில் சுழற்சியையும் கண்ணாடியின் தெளிவையும் சந்தேகியுங்கள், பிறகு திருகு.

இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை சுவருக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். ப்ரொஜெக்டரின் எடை ரிப்ளெக்டரைத் தாங்கும் பிளாஸ்டிக் பந்து மூட்டுகளுக்குப் புதிது, கோடு கொஞ்சம் இறங்கியிருக்கும். டயர் அளவு மாற்றினாலும், ஸ்ப்ரிங் மாற்றினாலும், முன்னால் இடித்து பம்பர் கழற்றி மாட்டினாலும் திரும்பப் பார்க்க வேண்டும்.